பறவைப் படம் எடுக்க எந்தக் கேமரா? பட்டர்வொர்த் கரைக்கு ஏற்ற கணக்கு

பட்டர்வொர்த்: செப்டம்பர் பிறந்தால் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து வடக்கே குவாலா மூடா வரை நீளும் சேற்றுக் கரைக்கு வெளியூர் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சைபீரியாவிலும் வடகிழக்கு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே பறக்கும் உள்ளான் வகைப் பறவைகள் அவை. ஏப்ரல் வாக்கில்தான் திரும்பிப் போகும். பேர்ட்லைஃப் இண்டர்நேஷனல் அமைப்பு இந்தக் கரையை முக்கியப் பறவை வாழிடங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. உலகில் அருகிவிட்ட நோர்ட்மான் பச்சைக்கால் உள்ளான்கூட இங்கே இறங்கி இரை தேடுகிறது.

இதைக் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைக்குப் போகிறவர்கள் நம்மவர்களிலும் கூடிவருகிறார்கள். கைப்பேசியை நீட்டி எடுத்துப் பார்த்தால் சேறு தெரிகிறது, வானம் தெரிகிறது, நடுவில் நாலைந்து புள்ளிகள் தெரிகின்றன. அடுத்த கேள்வி உடனே பிறக்கிறது: "சின்னதா ஒரு கேமரா வாங்கினா பறவை தெரியுமா? எது வாங்கலாம்?"

பதில் சொல்லுமுன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். இதைப் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்தான் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிவிட்டு, அந்தக் கேமராவை அலமாரியில் தூங்கவிடுகிறார்.

36ஐப் பறவை நிற்கும் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் 'முழுச் சட்டக இணை' மில்லிமீட்டரால் வகுத்தால், படத்தின் அகலம் அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டரை அடக்கும் என்பது கிடைக்கும். கைப்பேசியின் முதன்மைக் கேமரா ஏறக்குறைய 24 மிமீ. 20 மீட்டர் தள்ளி ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்றால், 36 பெருக்கல் 20 வகுத்தல் 24, அதாவது 30 மீட்டர் அகலம் படத்தில் விழும். 24 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்கொத்தி அதில் 125இல் ஒரு பங்கு. அதுதான் அந்தப் புள்ளி. 300 மிமீ லென்ஸில் பத்தில் ஒரு பங்கு. 600 மிமீ என்றால் ஐந்தில் ஒரு பங்கு, பார்த்ததும் மீன்கொத்தி என்று தெரிந்துவிடும். பறவைப் படக்காரர்கள் 'குறைந்தது 600' என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் சேற்றுக் கரையில் பறவை 20 மீட்டரில் நிற்பதில்லை. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் 30 சென்டிமீட்டர் உள்ளான், 600 மிமீ படத்தில் இருபதில் ஒரு பங்குதான். 2000 மிமீ லென்ஸில் ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் 2000தானே வாங்க வேண்டும்?

இங்கேதான் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. நிக்கான் கூல்பிக்ஸ் பி900 2015இல் வந்தபோது 83 மடங்கு ஜூம், 2000 மிமீ என்று பேசப்பட்டது. 2018இல் வந்த பி1000, 125 மடங்கு, 3000 மிமீ. இவை பொய்யல்ல. ஆனால் பி900இன் லென்ஸ் உண்மையில் 357 மிமீதான். அதற்குப் பின்னால் இருக்கும் சென்சார் மிகச் சிறியது, சுமார் 6 மிமீக்கு 4.5 மிமீ, சுண்டுவிரல் நகத்தளவுகூட வராது. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால் 2000 மிமீ போலத் தெரிகிறது. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 போன்றவற்றில் இருக்கும் '1 அங்குல' சென்சாரின் பரப்பு அதைப் போல நான்கு மடங்கு. கேனன், நிக்கான், சோனி நிறுவனங்களின் நடுத்தரக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

சென்சாரின் அளவு தெரிந்தால் மட்டும் போதாது. லென்ஸின் 'கண்' எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். இதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. லென்ஸின் உண்மையான மிமீயை அதன் எஃப் எண்ணால் வகுத்தால் அந்தக் கண்ணின் விட்டம் கிடைக்கும். பி900க்கு 357 வகுத்தல் 6.5, ஏறத்தாழ 55 மிமீ. ஆர்எக்ஸ்10 மார்க் 4க்கு 220 வகுத்தல் 4, அதுவும் 55 மிமீ. ஒன்று 2000, இன்னொன்று 600 என்று அட்டையில் எழுதியிருந்தாலும், ஒரே பறவையிடமிருந்து ஒரே நேரத்தில் இரண்டும் வாங்கும் ஒளி ஏறத்தாழ ஒன்றேதான். பி900 அந்த ஒளியைப் பெரிய படமாகப் பரப்பிக் காட்டுகிறது. சோனி சின்னதாக, அடர்த்தியாக வைத்திருக்கிறது. நல்ல வெயிலில் பி900 ஜெயிக்கும், ஏனென்றால் பறவையின்மேல் அதிகப் புள்ளிகள் விழும். ஒளி மங்கினால் அந்த நன்மை கரைந்துவிடும்.

கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 எச்எஸ் கேமராவின் கண் 38 மிமீ. எடை 610 கிராம்தான் என்பது அதன் பலம், மாலை மங்கலில் திணறுவது அதன் பலவீனம். மறுமுனையில் சோனி 200-600 மிமீ லென்ஸின் கண் 95 மிமீ. ஆனால் அது லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். ஒளி வேண்டுமென்றால் கண்ணாடி வேண்டும், கண்ணாடி என்றால் கனம். எந்த நிறுவனமும் இதிலிருந்து தப்பிக்கவில்லை.

இந்தக் கணக்கை இப்போது நம் ஊர் நிலத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தெலுக் ஆயர் தாவார் கரை மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின்மேல் விழும். திறந்தவெளி, ஒளிக்குப் பஞ்சமில்லை. பறவை தூரத்தில், பெரும்பாலும் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்துக்கு பி900, அதன் தம்பி பி950 போன்ற நீள ஜூம் கேமராக்கள் கச்சிதம். எந்த உள்ளான் என்று அலகையும் காலையும் பார்த்து அடையாளம் காண அவை போதும். 2020இல் வந்த பி950 ஒரு கிலோதான். 'ரா' கோப்பாகவும் பதிவு செய்யும். பி1000 கிட்டத்தட்ட 1.4 கிலோ. 'கையடக்கம்' என்று அதைச் சொல்வது கொஞ்சம் தாராள மனசு.

அதே கேமராவை செபராங் பிறை வடக்கில் உள்ள ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்விக் காட்டுக்கு எடுத்துச் சென்றால் கதை மாறுகிறது. சதுப்பு நிலக் காட்டின் நிழல். ஆந்தை, மரங்கொத்தி, சதுப்புக்காட்டு நீல ஈப்பிடிப்பான் என்று பறவைகள் அருகிலேயே கிடைக்கும், ஆனால் காலை எட்டு மணிக்குக்கூட இலைக்கூரைக்குக் கீழே இருட்டுதான். அங்கே 2000 மிமீக்கு வேலையே இல்லை. பறவை பத்து மீட்டரில் இருக்கிறது, வேண்டியது ஒளி. சின்னச் சென்சார் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போகும். இறகின் நுணுக்கம் போய், நீர்வண்ணம் பூசியதுபோல ஒரு படம் வரும். 600 மிமீ, 1 அங்குலச் சென்சார், எஃப்/4 என்றிருக்கும் ஆர்எக்ஸ்10 மார்க் 4, அல்லது லென்ஸ் மாற்றும் கேமராதான் இதற்குப் பொருந்தும்.

மூன்றாவது காட்சி, பறக்கும் பறவை. ஃபெரி கடக்கும் கால்வாயில் செம்பருந்து வட்டமிடுவதைப் பார்க்காதவர் இந்த ஊரில் இல்லை. நம் பாட்டிமார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதுதான். அதைப் பறக்கும்போது எடுக்கக் கேமரா நொடிக்கு நொடி தூரத்தைக் கணித்துக் குவியத்தை மாற்ற வேண்டும். பி900 வகையறாக்கள் இதில் மந்தம். பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பினாங்குத் தீவுக்கே போய்விடும். ஆர்எக்ஸ்10 மார்க் 4 நொடிக்கு 24 படம்வரை எடுக்கும், அதன் குவியமும் வேகமானது. ஆக, எது நல்ல கேமரா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, மாதத்தில் பெரும்பாலான நாள் எங்கே நிற்கப் போகிறோம், என்ன பறவை பார்க்கப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

சட்டைப் பையில் அடங்கும் கேமராக்களும் உண்டு. கேனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 960 மிமீ வரை போகும், சோனி எச்எக்ஸ்99 720 மிமீ வரை. பயணத்துக்கு, பள்ளிப் பிள்ளைக்கு, தோட்டத்துத் தேன்சிட்டுக்கு அவை நல்லவை. பறவைதான் நோக்கம் என்றால் சீக்கிரமே போதாது என்று தோன்றிவிடும்.

லென்ஸ் மாற்றும் கேமரா என்றதும் முதுகொடியும் பெட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற வகையில், லென்ஸில் எழுதியிருக்கும் மிமீயை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஒலிம்பஸ் 75-300 மிமீ லென்ஸ் 423 கிராம்தான், 600 மிமீக்குச் சமம். அதை ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 உடலில் மாட்டினால் மொத்தம் 800 கிராமைச் சற்றே தாண்டும், பி950ஐவிட லேசு. ஓர் எச்சரிக்கை: அந்த லென்ஸுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது, கேமரா உடலில்தான் இருக்க வேண்டும். ஒலிம்பஸ் லென்ஸ் பேனசோனிக் உடலிலும் பொருந்தும் என்பதால், அதிர்வுத் தடுப்பு இல்லாத பழைய பேனசோனிக் உடலைச் சேர்த்து மலிவாக வாங்கினால் 600 மிமீயில் படம் நடுங்கும். பேனசோனிக்கின் 100-300 மிமீ லென்ஸில் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, எடை 520 கிராம்.

கேனன் ஆர்10 உடலும் ஆர்எஃப் 100-400 மிமீ லென்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 1,064 கிராம், 640 மிமீக்குச் சமம். பறவையின் கண்ணை அதுவாகவே தேடிப் பிடிக்கும் வசதி ஆர்10இல் இருக்கிறது. முதல்முறை இதைப் பயன்படுத்துகிறவர் சிறுபிள்ளைபோல மகிழ்வார். 400 மிமீயில் எஃப்/8 என்பதுதான் குறை, ஆனால் சென்சார் பெரியது என்பதால் ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போகலாம். சோனி 70-350 மிமீ லென்ஸ் 625 கிராம், ஏபிஎஸ்-சி உடலில் 525 மிமீக்குச் சமம், கண் 55 மிமீக்குச் சற்று மேல். கையில் தூக்கி நடக்கும் எடையில், நாளை வேறு லென்ஸுக்கு மாறும் வழியையும் திறந்து வைத்திருக்கும் இத்தகைய இணைதான், இந்த ஊர்க் கரைக்கும் காட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு ஏற்றது. தூரத்துச் சேற்றுப் பறவை மட்டுமே போதும் என்பவர் பி950ஐத் தயங்காமல் எடுக்கலாம், செலவும் குறைவு.

இரண்டு கிலோ லென்ஸ்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படம் அற்புதமாக வரும். ஆனால் பின்னால் கார் வேண்டும், முக்காலி வேண்டும், தோளும் வேண்டும்.

கேமரா இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றலாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), இந்தியாவின் காட்டுயிர்ப் படக்கலையில் மறக்க முடியாத பெயர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். வேண்டிய கருவி கடையில் கிடைக்காததால், ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் இன்னொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸை இணைத்து, துண்டு துக்கடாக்களைச் சேர்த்து, தானே ஒன்றை உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படச்சுருள், தானாகக் குவியும் வசதி இல்லை. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் எந்தக் கேமராவும் அதைவிட வேகமானது.

வாங்கியபின் முதல் மாதம் ஏமாற்றமாக இருந்தால், பெரும்பாலும் குற்றம் லென்ஸில் இருக்காது. காற்றில் இருக்கும். காலை பத்து மணிக்குமேல் சேறு சூடேறினால் அதன்மேல் காற்று கானல்போல அலையும். 150 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அந்தக் காற்றின் ஊடே எந்த லென்ஸாலும் தெளிவாக எடுக்க முடியாது. தூரத்தைக் குறைப்பதே வழி. அதற்கும் சேற்றில் இறங்கக் கூடாது, கால் புதையும், பறவையும் போய்விடும். மீனவர்கள் 'ஆயர் பாசாங்' என்று சொல்லும் நீரேற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் தள்ளப்படும். உச்ச நீரேற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னரே போய், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், 2000 மிமீ செய்ய வேண்டிய வேலையைக் கடலே செய்துவிடும். நீரேற்ற அட்டவணையில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் உச்சம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் சூரியன் எதிரே வந்துவிடும், பறவை நிழலுருவமாகத்தான் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் வெள்ளைக் கொக்கு. கரிய சேற்றின் நடுவே வெள்ளைப் பறவை நின்றால், கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டும். கொக்கு சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும், ஓர் இறகும் தெரியாது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானில் ஒளியளவை ஒரு படி, அதாவது மைனஸ் 1க்குக் குறைத்தால் இறகு திரும்பி வரும். காகத்துக்கு நேர்மாறு. வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டு காகம் கரிக்கட்டையாகும்போது பிளஸ் 1 வைக்க வேண்டும். பயிற்சிக்குக் காகத்தைவிட நல்ல ஆசான் இல்லை, பட்டர்வொர்த்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. இந்த வீட்டுக் காகமே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டப் பயிர்களின் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவந்து விடப்பட்ட பறவைதான். தோட்டத்துக்காகக் கப்பலேறி வந்தது மனிதர்கள் மட்டுமல்ல.

நின்றுகொண்டிருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடலாம். நீள ஜூமில் பறவை சட்டகத்தைவிட்டு நழுவிவிட்டால், நிக்கான் பி வரிசையில் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஜூம் சற்றுப் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். பலர் மாதக்கணக்கில் இதைக் கவனிப்பதே இல்லை. 'டிஜிட்டல் ஜூம்' மட்டும் வேண்டாம், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர ஒன்றும் கூடுவதில்லை.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை, நம் வானிலையில் லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸை விளக்கை நோக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ஜூமை முழுதாக நீட்டிச் சுருக்கிப் பாருங்கள், மணல் அரைக்கும் சத்தம் வந்தால் கடற்கரைக்குப் போய்வந்த கேமரா அது. புதியதே ஆனாலும் வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் 'ட்ரை பாக்ஸ்' ஒன்று வேண்டும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இருந்தாலும் சமாளிக்கலாம். குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து நேராகக் கரையில் இறங்கினால் லென்ஸ் வியர்த்துவிடும். வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பே குளிர்சாதனத்தை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவது பழக்கமாக வேண்டும். வீடு திரும்பியதும் உப்புக் காற்று பட்ட உடலை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

கடையில் பெட்டியைத் திறக்குமுன் உத்தரவாதச் சீட்டைக் கேளுங்கள். உள்நாட்டு விநியோகஸ்தரின் உத்தரவாதமா, கடையின் சொந்த உத்தரவாதமா என்பதைப் பொறுத்து விலை மாறும். நீள ஜூம் கேமராவில் லென்ஸ் மோட்டார் பழுதானால் செலவு சின்னதல்ல.

தெலுக் ஆயர் தாவாருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அரச மலேசிய ஆகாயப்படையின் விமானத் தளம் அங்கேதான் இருக்கிறது. நீளமான லென்ஸோடு வேலிப்பக்கம் திரும்பி நிற்பது வீண் வம்பு. படம் எடுக்கத் தடை என்று பலகை இருக்கும் இடத்தில் பறவை எவ்வளவு அபூர்வமானாலும் கேமராவை இறக்கிவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கென்று 1959ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

பறவைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளான், திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தைக் கலைத்தால், அது சேர்த்ததில் கொஞ்சம் நமக்காகச் செலவாகிறது. பறவைகள் தலையைத் தூக்கி நம்மையே பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம். கூட்டின் அருகே போவதையும், கைப்பேசியில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் தவிர்க்கலாம். பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தொல்லைப்படுத்துவோருக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

நல்லபடியாக எடுத்த படம் முகநூலோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஈபேர்ட் தளத்தில் இடம், நாள், எண்ணிக்கையோடு ஏற்றினால், எந்தப் பறவை எந்த மாதம் இந்தக் கரைக்கு வந்தது என்பதற்கு அது சான்றாகும். அந்தப் பதிவுக்குப் படம் அழகாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அலகு, கால், இறக்கையின் கோடு தெரிந்தால் போதும். அடையாளம் புரியாவிட்டால் 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையினரைப் போன்ற அனுபவசாலிகளைக் கேட்கலாம்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள், நண்பர் ஒருவரின் கேமராவை அரைநாள் இரவல் வாங்கிக்கொண்டு முதலில் செபராங் ஜெயாவில் உள்ள பினாங்கு பறவைப் பூங்காவுக்குப் போய்ப் பார்க்கலாம். பறவை அருகில் நிற்கும், ஓடிவிடாது. மரநிழலில் ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறுகிறது, இரண்டு மணி நேரத்தில் கை வலிக்கிறதா, கண்ணாடி அணிந்தவருக்குக் காட்சித்துளை வசதியாக இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைக்கு அதன் பிறகு போகலாம்.